புனேயில இருக்கற விவசாயிக்கு

ஏரியூர்,
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்

மகன் மாதவராஜுக்கு அம்மா எழுதறது. நான் இங்க உசுரோட நல்லாத்தான் இருக்கேன். நீயும் சுகுணாவும் பேத்தி ஐஸ்வர்யாவும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு முனியப்பனுக்குக் கற்பூரம் ஏத்துனேன், அதனால உன் மேல எனக்கிருக்கற கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேம்மான்னு கட் பண்ற, அதான் எழுதி ஸ்பீடு போஸ்ட்ல போடறேன்.

போன மாசம் ஊர்ல கேம்ப் போட்டாங்க. விவசாயிங்க பேரைப் பதிஞ்சாத்தான் இனிமே அரசாங்கப் பணம், மானிய விதை, நிவாரணம் எல்லாம் வரும்னாங்க. நானும் ஆதார் கார்டை எடுத்துக்கிட்டுப் போயி வெயில்ல நின்னேன். லேப்டாப் வெச்சிருந்த பொண்ணு தட்டிப் பாத்துட்டு, உங்க பேர்ல ஒரு சென்ட் கூட இல்லீங்களேம்மா, பட்டா மாதவராஜ்னு இருக்கு, அவரு வருமான வரி கட்டறவரு, அவருக்கும் பணம் வராது, ஆபீஸ் கணக்குல நீங்க விவசாயியே இல்லீங்கன்னு சொல்லுச்சு. எனக்குப் பின்னாடி ஊரே நின்னுச்சுடா. கையை நீட்டி, மம்முட்டி புடிச்சுக் காச்சுப்போன இந்தக் காப்பைப் பாரு கண்ணு, நான் விவசாயி இல்லியான்னு கேட்டேன். அது என்ன பண்ணும் பாவம், அடுத்த ஆளைக் கூப்புட்டுச்சு. போன வருசம் கடலைச் செடி கருகி கல்லக்காய் இல்லாமப் போனதுக்கு ஊருக்கெல்லாம் நிவாரணம் வந்து எனக்கு மட்டும் ஏன் வரலன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அவமானத்துல வூட்டுக்கு வந்து சோறு கூட எறங்கல.

உனக்குப் பொண்ணு பாக்கறப்ப இண்டூர்ல சுகுணா வூட்டுக்காரங்க மாப்பிள்ளை பேர்ல நிலம் இருக்கான்னு கேட்டாங்க, கம்பெனி வேலைய அவங்க நம்பல. உங்கப்பா, கல்யாணம் முடிஞ்சதும் திருப்பி எழுதிக்கலாம்னு கெணத்தோட சேத்து அத்தனையும் உனக்கு எழுதி வெச்சுட்டாரு. மாலை வாடறதுக்குள்ள அவரும் போய்ச் சேந்துட்டாரு. அன்னையிலிருந்து கேக்கறேன், பென்னாகரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒருநா வந்து அம்மா பேருக்கு எழுதிக் குடுடான்னு. பொங்கலுக்கு வந்தே, ஒகேனக்கல்ல மீன் வறுவல் தின்னே, பரிசல்ல போட்டோ எடுத்தே, போயிட்டே. கேம்ப் சங்கதிய நான் போன்ல அழுதுக்கிட்டே சொன்னா, அந்தப் பிச்சக்காசுக்கு எதுக்கும்மா அலையற, நான் அனுப்பறேங்கற. யாருடா பிச்சை எடுக்கறது? பயிர் வெச்சவளுக்கு அது சேர வேண்டிய காசு. உன்கிட்ட வாங்கறதுதான் எனக்குப் பிச்சை. சுகுணா கூட, அத்தைக்கே எழுதிக் குடுத்துருங்கன்னு எத்தன தடவ சொன்னா, அவளுக்கு இருக்கற புத்தி உனக்கு இல்ல.

முந்தாநேத்து நல்ல மழை. டிராக்டர் ஓட்டற கிருஷ்ணப்பன் வந்து எப்பங்க உழவு ஓட்டறதுன்னு கேட்டான். நான் விவசாயி இல்லப்பா, விவசாயி புனேயில இருக்கான்னு உன் நம்பரைக் குடுத்துட்டேன். பக்கத்துக் காட்டு வெங்கடாசலம் கெணத்துத் தண்ணிக்கு முறை கேட்டாரு, அவருக்கும் குடுத்தேன். வேலியத் தாண்டி மாட்டை மேய விட்டவனுக்கும் குடுத்தேன். உன் போன் ஓயாம அடிக்குதுன்னு சுகுணா சொல்லிச் சிரிச்சா, அடிக்கட்டும். மோட்டார் ரூம் சாவி ஆணியில தொங்குது, நான் தொட மாட்டேன்.

ஊரெல்லாம் விதைக்குது, நம்ம காடு மட்டும் சும்மா கெடக்கறதப் பாத்தா வயிறு எரியுது. ஆனா எறங்கி வர மாட்டேன். நாளைக்கு ராஜாமணி காட்டுக்குக் கல்லக்காய் போடக் கூலிக்குப் போறேன். நம்ம வரப்பை ஒட்டித்தான் அவ காடு, நாளெல்லாம் நம்ம காட்டப் பாத்துக்கிட்டேதான் குனியணும்.

நீங்க மூணு பேரும் குறையில்லாம இருக்கணும், ஐஸ்வர்யா நல்லாப் படிக்கணும், குழந்தைக்கு மழையில தலை நனையாமப் பாத்துக்க. ஈரம் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் நிக்கும், மறந்துறாத. அதுக்குள்ள வந்து எழுதிக் குடு, இல்லன்னா வந்து நீயே விதை போடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கூலிக்காரி தங்கம்மாள்