பெற்றோர் வகுப்பில் நான் சொன்ன பதில்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? என் இருமல் விட்டுவிட்டது, கவலை வேண்டாம். போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வகுப்புக்கு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டீர்களாம். "உள்ள எல்லாம் பொம்பளைங்க, நான் போய் என்ன பண்றது?" என்று கேட்டீர்களாம். பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டேன். புகார் சொல்லக் கூப்பிடவில்லை என்று டீச்சரே வீடு தேடி வந்து சொன்னாரே! நாளெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவருக்கு, ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்காரக் கூச்சமா?

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். நான் வேலை செய்கிற வீட்டு முதலாளியம்மாவுக்கு நேரமில்லையாம், பையனைப் பார்த்துக்கொள்வது நான்தானே என்று அவனுடைய பள்ளிக்கூடத்தில் நடக்கும் இதே வகுப்புக்கு என்னை அனுப்பினார். "உங்க பிள்ளைக்கு எதைக் கண்டா பயம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். "குக்கர் விசில்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நம் பாப்பாவைச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை மறுபடி வகுப்பு இருக்கிறதாம், கிரீஸ் சட்டையை மாற்றிக்கொண்டு போய் உட்காருங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறார். குக்கர் பயம் நான் ஊரில் இருந்தபோது இருந்தது; பாப்பாவுக்கு இப்போது எதைக் கண்டால் பயம் என்று கேட்டு எழுதுங்கள். என்னை மறுபடி கேட்டால் வாயில் பாப்பாதான் வருவாள், அதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா