கூட வர ஆள் இல்லை

என் அருமை ஸ்டெல்லா அக்கா,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. களைப்பாக இருக்கிறது. நாம் வேலை செய்த முதலியார்பேட்டை மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். உன் நாற்காலியை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். நம் செயலியை இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன்.

பிரான்சில் இருக்கும் பிள்ளைகளை நினைத்து நாம் செய்த செயலி. இங்கே தனியாக இருக்கும் அப்பாவோ அம்மாவோ மாத்திரை போட்டதும் பட்டனை அமுக்குவார்கள். அங்கே பிள்ளையின் போனில் பச்சை விளக்கு எரியும். செயலியைப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் அருமை என்றார்கள். அதை நம்பி உழைத்தோம். பெரியவர்கள் ஏன் ஒவ்வொருவராக விலகினார்கள் என்றுதான் புரியவில்லை. உனக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோதுகூட, "எழுத்தப் பெருசாக்கிப் பாக்கலாமாடா?" என்று கேட்டாய்.

நிறுத்துகிறோம் என்பதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. மிச்சமிருந்தவர்களை நேரில் பார்க்கப் போனேன். உப்பளத்தில் பெலிக்ஸ் ஐயா, மனைவியை இழந்து தனியாக இருப்பவர். மகள் பாரிசில். செய்தியைக் கேட்டு அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நல்லதாப் போச்சு தம்பி. மாத்திரைய நான் மறக்கறதே இல்ல. மக பயப்படுவாளேன்னுதான் அந்தப் பட்டன அமுக்கினு இருந்தேன்."

எனக்கு எழுந்து வரவும் தெம்பில்லை. விற்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. "அப்ப எதுதான் ஐயா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். இவ்வளவு காலத்தில் அவரிடம் நாம் கேட்காத கேள்வி.

கண்களைக் கசக்கிக்கொண்டார். "கண்ணு. ரெண்டுலயும் புரை. ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆளக் கூட்டினு வரச் சொல்றாங்க. டெஸ்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரு ரெண்டு தடவ வந்தாரு, பாவம். அவருக்கும் வேல இருக்குல்ல? திரும்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?" குரலைத் தாழ்த்தினார். "மககிட்ட ஆபரேஷன் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டேன்."

பாரிசில் பச்சை விளக்கு ஒரு நாளும் தவறாமல் எரிந்தது அக்கா. இங்கே மனிதருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த என் முகம் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு நானே கூடப் போனேன். உறவு என்ன என்று கேட்டார்கள். "தெரிஞ்சவரு" என்றேன். அவரை உள்ளே அழைத்துப்போனதும் அவருடைய செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கண்ணில் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு, பொய் சொன்னதை அவரே சொன்னார். அந்தப் பெண் முதலில் சத்தம் போட்டாள். பிறகு அழுதாள். "மெர்சி அண்ணா" என்று பிரெஞ்சில் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அதன்பிறகு விலகிப்போனவர்களையும் தேடிப் போனேன். செயலி பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், கூட யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். மூலக்குளத்தில் ஒரு டீச்சரம்மா, ஓய்வு பெற்றவர், ஸ்கேன் எடுக்கச் சொல்லியும் போகாமல் இருந்தார். "யாரக் கூப்பிடுவேன்டா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது இவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நானும், நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற வசந்தா அக்காவும் இருக்கிறோம். அவர்கள் ஒரு போன் செய்தால் போதும், அவ்வளவுதான். புரோகிராம் எழுதக் கை பரபரக்கிறது. இன்னும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. எதைச் செய்ய வேண்டும் என்று இவர்களோடு நடந்தால்தான் தெரியும்போல. நீ இருந்தால் திட்டுவாயா? "இதுக்கா ரெண்டு பேரும் இஞ்சினியரிங் படிச்சோம்?" என்பாயா? இல்லை, எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாயா?

நாளைக் காலை ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். நீ கடைசியாக இருந்த ஆஸ்பத்திரி. நீ போன அன்றைக்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை. வசந்தா அக்காவை அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இல்லை அக்கா, நானே போகிறேன். அவர் வெளியே வரும்வரை எழுந்து வந்துவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்கூடவே வளர்ந்த தம்பி,
அந்தோணி