அடக்கம் ஆகாத குரல்

தொண்டைக்குள் கோயில் மணியைக் கட்டிக்கொண்டு பிறந்த என் ஆவுடைக்கு,

இன்று காலையும் நீ எங்கள் தெருவுக்கு வந்தாய். அதே மஞ்சள் ஆட்டோ, கூரையில் அதே இரண்டு ஒலிபெருக்கிக் குழாய். "தாய்மார்களே, பெரியவங்களே, உங்க ஆவுடை பேசுதேன்" என்று தெரு முக்கில் தொடங்கினாய். கோலத்தை மிதிக்காமல் ஆட்டோ ஒதுங்கிப் போனது. நீ செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது உன் குரலுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

எனக்குத்தான் எழுத்து தெரியாதே, நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "நீங்க பேசுத மாதிரியே எழுதவா மாமா, இல்ல நல்லா எழுதவா?" என்று கேட்டாள். ஊருக்கே நல்ல தமிழ் பேசினவன், அவனுக்கு நல்லாவே எழுது தாயி என்றேன். எழுதி முடித்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறாளாம். கொடுக்கட்டும். நாலு பேர் காதிலும் விழட்டும்.

நம் காலம் முழுக்க நீ பேசினாய், நான் குழாய் கட்டினேன். சினிமா, கோயில் கொடை, கடைத் திறப்பு, தேரோட்டத்தில் தொலைந்த பிள்ளை, இழவு, எல்லாவற்றுக்கும் உன் குரல்தான். நீ சொன்ன ஒன்று பொய்யாய்ப் போனதாக எனக்கு நினைவில்லை. என் நினைவு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறக்க வசதி இல்லை.

ஆற்றில் பெருவெள்ளம் வந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். கரண்டு போய்விட்டது. அதிகாரிகள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. நீ பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த மைக்கில் பேசினாய். "ஆவுடை பேசுதேன். ஆத்துல தண்ணி ஏறுது. பண்டம் பாத்திரம் பாக்காதிய. பிள்ளையளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போங்க." மீனாட்சிபுரத்திலிருந்து சீவலப்பேரி வரைக்கும், தண்ணீர் எங்கே என்று ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நீ சொன்னாய், கிளம்பினார்கள்.

அந்தக் குரலை ஏன் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தாய், ஆவுடை?

இப்படிப் பணம் போடுகிறவர்களுக்குப் பேராசை என்று டிவியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? முதியோர் பணம் எடுக்க நாம் இருவரும் பேங்குக்குப் போனோமே, அதிலிருந்து பேச வேண்டும். அந்தச் சின்ன மிஷினில் என் விரலை வைத்து வைத்து எடுத்தார்கள். ரேகை விழவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் விழவில்லை. கவுண்டரில் இருந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. நீதான் கொதித்துப் போனாய்.

"கயிறு இழுத்துத் தேஞ்ச கை அய்யா இது. இதுல ரேகை எங்க இருக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாசல் காவலாளி வந்து, "சத்தம் போடாதீங்க பெரியவரே" என்றான். உன்னைப் பார்த்து! ஜில்லா முழுக்கச் சத்தம் போட்டவனைப் பார்த்து! நீ என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாய். பஸ் ஸ்டாப்பில்தான் வாய் திறந்தாய்.

"லே சொடலை, நம்ம துட்டை நமக்குத் தர அவனுக்கு நம்ம வெரலு வேணுமாம். நம்மள நம்பாதவன நாம எதுக்குலே நம்பணும்?"

நம் தெருவே அதைத்தான் கேட்டது. எதிர்வீட்டுப் புஷ்பம் அடகு வைத்த கம்மலை ஏலம் போட்டுவிட்டு, நோட்டீஸ் அனுப்பினோமே என்றான் பேங்க்காரன். அவளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டார்களா?

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். உன் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மதினி போட்ட காப்பியை ருசித்துக் குடித்தார்கள். ஆபீசுக்குப் போனால் எழுந்து நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாற்காலி போட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கு முந்திரிக்கொட்டை கப்பலில் வருகிறது, அதில் உங்களுக்கும் பங்கு, மாதாமாதம் லாபம் என்றார்கள்.

கப்பலைக் காட்டவே நம்மைப் பஸ் வைத்துத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார்கள். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் பொட்டலம் கட்டித் தந்தார்கள். துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி, "அன்னா தெரியுதுல்லா செவப்புக் கப்பல், அதுதான்" என்றான் மேனேஜர். எல்லாரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தோம்.

"ஏ அண்ணாச்சி, அதுல நம்ம பேரு எழுதியிருக்குமா?" என்று புஷ்பம் கேட்டாள்.

"உம் பேரை எழுதினா கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சிரும்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பேங்கில் வைத்த பணம் எங்கே இருக்கிறது என்று யார் பார்த்தது? இது கண்ணுக்குத் தெரிகிற கப்பல் அல்லவா? மதினியின் அப்பா கொடுத்த மனைக்கட்டை விற்று நீ முதலில் போட்டாய். அப்புறம்தான் மைக் முன்னால் உட்கார்ந்து ஊரைக் கூப்பிட்டாய். உன் பணத்தை வைத்துக்கொண்டு பிறத்தியார் பணத்தை மட்டும் நீ கூப்பிடவில்லை. அதற்கு நான் சாட்சி.

கம்பெனிக்காரர்கள் உன் குரலைப் பதிந்து வாங்கிய பிறகு நீ ஆட்டோவில் போக வேண்டியிருக்கவில்லை. உன் குரல் தனியாகப் போனது. அப்படி இருக்கையில் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நீ விழுந்தாய்.

மேனேஜர் பெரிய மாலையோடு வந்தான். உன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மறுநாள் காலை, சாம்பல் அள்ளப் போக நாங்கள் வாசலில் நிற்கிறோம், முக்கில் நீ பேசிக்கொண்டு வருகிறாய். மதினி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஆட்டோ போய் மறையும்வரை அப்படியே நின்றாள். அன்றிலிருந்து தினமும் நின்றாள்.

பிறகு வள்ளியூரில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. போன இடத்தில், மெயின் ரோட்டில் இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஒரு கூட்டம். அதே கம்பெனியின் வள்ளியூர் ஆபீஸ், பூட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். கூட்டத்துக்கு நடுவே நீ பேசிக்கொண்டிருந்தாய், ஒரு பெண்ணின் போனில்.

"இந்தக் குரலுக்காரன் யாருன்னு தெரியுமா பெரியவரே? அவன் சொல்லித்தான் போட்டோம்" என்றாள்.

"தெரியும்மா. அவன் செத்துட்டான்."

பக்கத்தில் நின்றவன் என் மேல் பாய்ந்தான். "ஏம்வே, யாருக்குப் பூச்சுத்துதீரு? முந்தாநாள் பேட்டையில பேசிட்டுப் போனான்னு எம் மச்சினன் சொல்லுதான். செத்தவன் எப்படிவே ஆட்டோவுல சுத்துவான்?"

"கமிஷனை வாங்கிக்கிட்டு ஒளிஞ்சிருக்கான்" என்றான் இன்னொருத்தன். ஒரு கிழவி மண்ணை அள்ளினாள். "அந்தத் தொண்டையில புத்து விழ" என்று தூற்றினாள். மண் என் வேட்டியில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஊர்ச் சாவையெல்லாம் சொன்னது நீ. உன் சாவை யாரும் சொல்லவில்லை. நம் தெருவில் இரண்டு போஸ்டர் ஒட்டினோம், அதோடு சரி. ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். இங்கே ஆபீஸ் திறந்திருக்கிறது, பணம் வாங்குகிறார்கள். அதையும் பூட்டும்வரை உன் குரல் ஆள் பிடித்துக்கொண்டே போகும்.

ஸ்டேஷனுக்குப் போனேன். பணம் போட்டவர்கள் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். போட்டவர்களோ, புகார் கொடுத்தால் உள்ளதும் வராது என்று கம்பெனிக்காரன் சொன்னதை நம்பி வாயைத் திறக்கவில்லை. ஆட்டோக்காரச் செல்வத்தை வழிமறித்தேன். "எனக்கு நாள் வாடகை பெரியவரே. நிறுத்தணும்னா அந்த அம்மாவை வந்து சொல்லச் சொல்லுங்க. அவிய புருசன் குரலுதான?" என்றான்.

மதினியிடம் போய்ச் சொன்னேன், வள்ளியூர் மண் வரைக்கும். முழுக்கக் கேட்டாள்.

"அவியளுக்கு வேட்டி இருக்கு, கண்ணாடி இருக்கு, போட்டோ இருக்கு. எல்லாம் வாயை மூடிக்கிட்டுக் கெடக்கு தம்பி. காலையில அது ஒண்ணுதான் பேசுது. அதையும் அடக்கச் சொல்லுதியளா?"

போனில் பதிந்து வைத்துக் கேளுங்கள் என்றேன்.

"கேட்டுப் பாத்துட்டேன். போன்ல கேட்டாச் செத்தவுக பேசுத மாதிரி இருக்கு. தெருவுல வந்தாத்தான் வெளிய போயிட்டு வாராப்ல இருக்கு."

எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் மதினி வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்று பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சீவலப்பேரிக்காரி. இடுப்பில் மஞ்சள் பை.

"அண்ணாச்சி இருக்காவளா? துட்டை ஆபீசுல குடுக்கப் பயமாயிருக்குக்கா. அவிய கையிலயே குடுத்திட்டுப் போறேன். வெள்ளத்துல எங்களக் கரையேத்தினவுக அவியதான்."

"அவிய இல்லம்மா" என்றாள் மதினி.

"எப்ப வருவாவ?"

உன் சாவை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதே இல்லை.

"வரமாட்டாவ. செத்துப் போயிட்டாவ."

அந்தப் பெண் சிரித்தாள். "விளையாடாதியக்கா. இப்பத்தான முக்குல பேசிக்கிட்டுப் போனாவ."

மதினி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அவள் படத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப காலையில பேசினது யாருக்கா?"

நீ சொல், ஆவுடை. யார் அது?

அவள் பையோடு பஸ்ஸேறிப் போன பிறகு மதினி என்னைப் பார்க்காமலே கேட்டாள். "உங்க குழாய் இன்னும் வேலை செய்யுதா தம்பி?"

இன்று காலை நீ எங்கள் தெருவில் பேசிவிட்டுச் சீவலப்பேரிக்குப் போனாய். பின்னாலேயே நாங்களும் போனோம். என் மகனின் லோடு ஆட்டோ, பழைய பெட்டி, ஒரே ஒரு குழாய். மைக்கை நான் பிடித்தேன். நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? நீ இழவு சொல்லும் அதே வரிசையில் உன் பேரையும் தெருவையும் சொல்லி, காலமாகிவிட்டார் என்றேன். துருப்பிடித்த கதவைத் திறந்தது போல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்போது அடுத்த தெருவிலிருந்து உன் குரல் வந்தது. "உங்க ஆவுடை பேசுதேன்." கணீர் என்று, உயிரோடு. நான் உன்னை அடக்கம் செய்கிறேன், நீ வா வா என்று கூப்பிடுகிறாய். பெண்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் உன்னைத்தான் நம்பினார்கள். செத்தவனை நம்பினார்கள், உயிரோடு நிற்கிற என்னை நம்பவில்லை. "இந்தக் கிழவனுக்கு அண்ணாச்சி மேல என்ன காந்தல்?" என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது.

மதினி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் ஆவுடை பொஞ்சாதி பேசுதேன். அவிய செத்துப் போயிட்டாவ. நாந்தான் வாய்க்கரிசி போட்டேன். அங்கன கேக்குறது வெறுங்குரலு. அவிய இருந்தா வள்ளியூர்ல பூட்டினதை அவியளே வந்து உங்களுக்குச் சொல்லியிருப்பாவ. எங்க துட்டும் போயிட்டு. நீங்க போடாதிய."

தெரு அடங்கிவிட்டது. குழாயிலிருந்து உன் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயசாளி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள். "அப்ப கப்பலு பொய்யா?"

"கப்பலு நெசந்தான்" என்றாள் மதினி. "அது நம்மது இல்ல."

சிலர் எங்களைத் திட்டினார்கள். சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். இரண்டு பேர் மட்டும், போட்டதை எழுதிக் கொடுக்க ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னார்கள். செல்வம் சத்தத்தைக் குறைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் மதினி அழுதாள். நீ போன நாளிலிருந்து இன்றுதான் அவள் அழுது பார்க்கிறேன்.

கோபமா ஆவுடை? அவளிடமிருந்து உன்னைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள். நாளைக்கு முறப்பநாடு. அதற்கடுத்து மேற்கே, சேரன்மகாதேவி வரைக்கும். நீ எந்தத் தெருவில் திரும்பினாலும் பின்னால் நாங்கள் வருவோம். கடைசி ஊரின் கடைசி வீடு வரைக்கும் உன் சாவைச் சொல்லுவேன். உன் குரல் ஓய்ந்த அன்றைக்குத்தான், ஆற்றில் முங்கி எழுந்து உனக்காக நான் அழுவேன். அதுவரை அழமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

ஒரு நாளும் உன்னை அண்ணன் என்று கூப்பிட்டிராத உன் தம்பி,
சுடலைமுத்து