பின்கொக்கி மூடி இப்போது விழுவதில்லை, அப்பா

ஜீப்பை ஓட்டிக்கொண்டே பின்னால் இருக்கும் பிள்ளைகளைத் திரும்பித் திரும்பி எண்ணுகிற என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் நேரில் பேசியதைவிட இந்தக் கடிதத்தில் அதிகம் பேசிவிடுவேன் போலிருக்கிறது. எனக்கு வாய் திறப்பதே பாடு என்று உங்களுக்குத் தெரியும். இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அம்மா நன்றாக இருக்கிறார். தங்கச்சி செல்வி நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டு அம்மாவோடு வேலைக்குப் போகிறேன். உங்கள் ஜீப் இப்போது முனியாண்டி அண்ணன் கையில் இருக்கிறது. நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. நான் சொல்ல வந்தது அந்த ஜீப்பின் பின்கொக்கி மூடியைப் பற்றி.

படிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் அந்த ஜீப் ரப்பர் பால் தாங்கி வைத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போகும். மதியம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, பீடோங்கிலிருந்து பஸ்ஸில் வந்து பெரிய ரோட்டில் இறங்கும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும். பிள்ளைகள் பின்பக்கமாகத்தான் ஏறுவார்கள். டிரெய்லர் மாட்டும் கொக்கி சரியாக அவர்கள் முழங்காலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். யாருக்கும் காலில் அடிபடக் கூடாது என்று நீங்கள் எண்ணெய்த் தகரத்தை வெட்டி, வளைத்து, விளிம்பில் டியூப் ரப்பர் சுற்றி ஒரு மூடி செய்தீர்கள். நாலு போல்ட்டு. தினமும் காலையில் கழற்றுவீர்கள், மதியம் மாட்டுவீர்கள். ஒரு நாள்கூட அது விழுந்ததில்லை.

விழ வைத்தது நான்தான், அப்பா.

நீங்கள் இல்லாத முதல் ஆயுத பூஜை. தோட்டத்தில் எல்லா வண்டியையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். எதற்கும் முன்னால் போகாதவள், அன்று நானாகவே போய் "ஜீப்பை நான் கழுவுறேன்" என்றேன். நாலு போல்ட்டு மரையிலும் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பிக்கிடந்தது. இத்தனை அழுக்கோடா அப்பா விட்டுவிட்டுப் போனார் என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்தேன். பளபளப்புக்கு எண்ணெய் வேறு தடவினேன். மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"ஏய் லெட்சுமி, உங்கப்பா ஓட்டுனப்பகூட இது இப்படி மின்னலையே லா" என்றார் முனியாண்டி அண்ணன். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

இரண்டு நாள் கழித்து மூடி செம்மண் ரோட்டில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மகள் தேவி, நனையாமல் ஏற வேண்டும் என்று ஓடிவந்து தாவியிருக்கிறாள். கால் வழுக்கி, கொக்கியில் கெண்டைக்கால் கிழிந்துவிட்டது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எட்டு வயசுப் பிள்ளை. காயம் ஆறியும் ஜீப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டாள். பெரிய ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் வெயிலில் நடந்தே வருவாள். ஜீப் அவளைத் தாண்டிப் போகும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பாளாம். செல்விதான் வந்து சொல்வாள்.

அம்மாவிடம் அந்தப் பிசினைப் பற்றிக் கேட்டேன். "உங்கப்பா மாட்டுறப்ப எல்லாம் மங்குல மிஞ்சின பாலைத் தொட்டு மரையில தடவுவாரு. காஞ்சா ஆடாதுல்ல? காலையில ஸ்பேனரால ஒரு திருகு குடுத்தா விட்டுரும். உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் குந்தியிருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

அஞ்சலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, அதைச் சுரண்டினது நான்தான்." வாசலிலேயே நின்று அழுதேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "சாமிக்குன்னுதானே கழுவுன. தெரிஞ்சா செஞ்ச? இங்க நின்னு அழுதா மூடி வந்து ஒட்டிக்குமா? போ, போயி அதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார்.

அன்றைக்கே மூடியை ரோட்டோர வாய்க்காலில் தேடி எடுத்தேன். இரண்டு போல்ட்டு கிடைத்தது. மறுபடியும் பாலைத் தடவலாம் என்றால், பால் எங்கே இருக்கிறது? நம் பக்கத்துப் பால்மரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள், அப்பா. முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்றுதான். தாங்கிக்குப் பதிலாக, ஜீப் இப்போது அடுத்த பக்கத்தில் காய்க்கிற செம்பனையின் குலை ஏற்றிய டிரெய்லரை இழுக்கிறது.

பீடோங் இரும்புக் கடைக்குப் போய் ஸ்பிரிங் வாசர் போட்ட புதுப் போல்ட்டு வாங்கி வந்தேன். ஓட்டை எவ்வளவு என்று கடை முதலாளி தவுக்கே கேட்டால் சொல்லத் தெரியாது என்பதால், ஈர்க்குச்சியை ஓட்டைக்குள் குறுக்கே வைத்து, அந்த அளவுக்கு ஒடித்துக் கொண்டுபோனேன். போல்ட்டு நன்றாகவே பிடித்தது. ஆனால் முனியாண்டி அண்ணன் நாலே நாளில் மூடியைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார். "தினம் நாலு போல்ட்டைத் திருகித் திருகி, நான் குலை ஏத்துறதா, இதுக்குச் சேவகம் பண்றதா?" என்றார். பழைய பிசின் இருந்தவரை கையால் திருகினாலே அவருக்குப் பிடித்துக்கொண்டது, இதற்குத் தினமும் ஸ்பேனர் வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நீங்கள் செய்தீர்கள் என்பதற்காக எல்லாரும் செய்வார்களா?

பிறகு டியூப் ரப்பரை நாடாவாக வெட்டிக் கட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் வெயில் அதைத் தின்றுவிட்டது. மூடி ஆபீஸ் வாசலிலேயே விழுந்தது. கணக்கு எழுதும் கிராணி வெளியே வந்து பார்த்தார். "இன்னொரு தடவை விழுந்துச்சு, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன். ரோட்டுல எவன் மோட்டார்சைக்கிள்லயாவது அடிச்சா யாரு பதில் சொல்றது?" அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பீடோங் பாசாருக்குப் போனேன். மீன்காரப் பாயின் லாரியில் ஐஸ் பெட்டிகள் இருந்தன. ஒரு கையில் மீனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மூடியை இறக்கி ஒரு கொக்கியை மடக்கினார். டக்கென்று இறுகிக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினார், திறந்துகொண்டது. ஸ்பேனர் இல்லை, திருகல் இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"பாப்பா, மீனைப் பாக்குறியா, பெட்டியைப் பாக்குறியா?" என்றார் பாய்.

"பெட்டியை" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனாலும் கேட்டேன், அப்பா. "லாரி ஆடுறப்ப இது திறக்காதா?"

"ஆட ஆட இழுத்துப் பிடிக்கும் மா. மேல ஏதாச்சும் மாட்டி இழுத்தாத்தான் திறக்கும். அதுக்கு இந்த ஓட்டையில ஒரு ஊசி போடணும். நான் போடுறதில்ல, சோம்பேறி" என்றார்.

இரும்புக் கடையில் அதன் பேர் தெரியாமல் கையால் மடக்கிக் காட்டினேன். "மீன் பெட்டி கொக்கியா? வாயால சொன்னா என்னா லா?" என்று தவுக்கே ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எடுத்துக்கொண்டேன். வளைந்த கம்பி ஊசியும் இரண்டு. ஊசி தொலைந்துபோகக் கூடாது என்று விரல் நீளச் சங்கிலியும் கேட்டு வாங்கினேன்.

ஸ்டோரிலிருந்து கைத் துளைப்பானை இரவல் வாங்கி நானே ஓட்டை போட்டேன். இந்தப் பெட்டிக் கொக்கியை ஜீப்பில் பிடிக்கும் போல்ட்டை இனி யாரும் கழற்ற வேண்டியதில்லை. அதனால் நட்டை இறுக்கிவிட்டு, போல்ட்டு நுனியைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினேன். மூன்று அடி என் விரலில் விழுந்தது. முனியாண்டி அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். "விரலை விட்டுட்டு இரும்பை அடி, தாயி" என்றார்.

மறுநாள் அவர் ஒரு கையால் மடக்கிப் பார்த்தார். இரண்டாவதையும் மடக்கினார். வண்டியை எடுத்தார். மதியம் நான் பெரிய ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூடி மாட்டியிருந்தது, ஆனால் இடது கொக்கி பாதி திறந்திருந்தது. ஊசியைக் குத்தவில்லை. பிள்ளைகள் ஏற வந்தார்கள். எனக்கு எப்படிச் சத்தம் வந்ததோ தெரியவில்லை. "யாரும் ஏறாதீங்க, நில்லுங்க" என்றேன். எல்லாரும் நின்றார்கள். அவரும் நின்றார். "அண்ணே, ஊசி குத்துனாத்தான் பூட்டு. குத்தலைன்னா இது வெறும் தகரம்" என்றேன்.

"சரி லா, குத்துறேன். உங்கப்பன்கூட என்னை இப்படி அதட்டுனதில்ல" என்று குனிந்து குத்தினார். அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவர் மறந்ததில்லை.

பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு வரும் குண்டும் குழியுமான ரோட்டில் மூன்று மாதம் ஓடியாகிவிட்டது. மூடி இருந்த இடத்தில் இருக்கிறது. கிராணி ஒரு நாள் குனிந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேவி வருவதற்குத்தான் நாளானது. போன வாரம் நான் பெரிய ரோட்டு வரைக்கும் நடந்து போனேன். அவள் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தேன். "இழுத்துப் பாரு" என்றேன். இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அப்புறம் காலால் ஓர் உதை விட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் செய்வதுபோலத் திரும்பி எண்ணினேன். தேவியோடு பதினொன்று.

நேற்று ஜீப்பை மறுபடி கழுவினார்கள். இடது சக்கரத்துக்கு உள்ளே, பிரேக் குழாய்ப் பக்கம், நீங்கள் தோல் வார் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறீர்கள். "அழுகிப்போய் அசிங்கமா தொங்குது, அறுத்து எறிஞ்சிரவா?" என்று முனியாண்டி அண்ணன் கத்தியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "எதுக்குக் கட்டுனாருன்னு தெரியாம தொடாதீங்க அண்ணே" என்றேன்.

நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் கீழே படுத்துப் பார்க்கப் போகிறோம். எதற்கு என்று கண்டுபிடிக்காமல் எழுந்து வர மாட்டேன், அப்பா. கண்டுபிடித்துவிட்டு, அழுகின தோலுக்குப் பதிலாக நல்லதாக ஒன்றை நானே கட்டுவேன்.

உங்கள் மூத்த மகள்,
லெட்சுமி