நான் எரித்த கோளை நீ மூழ்கடித்த கதை

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக் கம்பிகளுக்கு வெள்ளி பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு முழுக்க அந்த நெடிதான். ஜன்னலைச் சாத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். சாத்தத்தான் எழுந்தேன், சாத்தாமலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் எழுந்ததே பெரிய காரியம். நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய், காக்கி பேன்ட்டும் ஈயத்தாள் சட்டையுமாக, முதுகில் காயாத பெயின்ட்டோடு.

நம் டி.வி. தொடரின் விண்கலத்துக்கு அடித்த பெயின்ட் அது. பாண்டி பஜார் கடைகளில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளை ஆணியடித்துச் சேர்த்து, மேலே வெள்ளி பூசினோம். அதுதான் விண்கலம். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து உனக்குச் சட்டை தைத்தோம். காய்வதற்குள் கலத்தின் மேல் சாய்ந்துவிட்டு நீ அப்படியே டியூட்டிக்குப் போனாய். பஸ்ஸில் ஒரு அம்மாள், கண்டக்டர் முதுகில் நிலா காய்கிறது என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறேன் என்றால், போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். செல்போனில் பார்க்கிற தொடர்கள் எடுக்கும் கம்பெனியாம். மறுபடி எடுக்கத் தகுந்த பழைய விஞ்ஞானத் தொடர்கள் எவை என்று இணையத்தில் யாரோ எழுதியிருக்கிறார். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. கடைசியில் போனால் போகிறது என்று நம்முடையதையும் சேர்த்திருக்கிறார். சிறு வயதில் யார் வீட்டு ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு பார்த்தாராம்.

பார்த்தவர் இருக்கிறார், படம் இல்லை. நம் தொடரைப் பதிந்த நாடாவின் மேலேயே நெற்பயிருக்கு உரம் போடுவது எப்படி என்று வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். நாடா விற்ற விலைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆக, கதை தெரிந்தவன் எவனாவது உயிரோடு இருக்கிறானா என்று தேடி, ஆதம்பாக்கத்தில் மூட்டு வலியோடு கிடந்த என்னைக் கண்டுபிடித்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நண்பா. அலுப்புதான் வந்தது. நீ இருந்திருந்தால் உன்னைத் தள்ளிவிட்டு நான் படுத்திருப்பேன்.

நாம் சேர்ந்ததே ஒரு கூத்து. மயிலாப்பூரிலிருந்து தி.நகர் அலுவலகத்துக்கு நான் உன் பஸ்ஸில் வருவேன். கையில் நாடகப் பிரதி, வாயில் முணுமுணுப்பு. ஒருநாள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, யாரைத் திட்டிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டாய். வசனம் என்றேன். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாய். கடைசி சீட்டில் தூங்கியவர் எழுந்து, ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று இறங்கப் போனார். அந்தக் குரலை விட எனக்கு மனசில்லை. மந்தைவெளி மொட்டை மாடியில் நடந்த ஒத்திகைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லாரும் சபா ஆட்கள், பேசினால் 'ஆத்துல' 'வந்துண்டு' தான். நீ வந்து நின்று எல்லாரையும் மாமா என்றாய். என்னை மட்டும் ஐரே என்றாய். கடைசி வரைக்கும் அதுதான் என் பெயர்.

ஊரில் டி.வி. வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஏதாவது புதிதாகச் செய்யுங்கள் என்று நிலையத்துத் தயாரிப்பாளர் அம்மாள் கேட்டதும் நான் விண்வெளிக்குக் கிளம்பிவிட்டேன். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவனுடைய கோள் எரிந்து சாம்பலாகிறது. அவன் வழியில் வந்த விண்கலத்தில் ஏறிக்கொண்டு, போகிற இடத்திலெல்லாம் தங்க இடம் கேட்கிறான். எவரும் தருவதில்லை. வேற்றுக்கோளில் பிறந்தவன் ஆயிற்றே, அவன் நம்மைப் போலப் பேசலாமா? அதனால் நீ போட்ட அந்த வேஷத்துக்கு மட்டும் செந்தமிழ் எழுதினேன். 'எம் கோள் தழலில் வீழ்ந்தது, தலைவரே. எம் இல்லம் எத்திசை என அறியேன்.' எழுதிவிட்டு நானே கண்கலங்கினேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

பதிவுக்கு முந்தின வாரம் விடாமல் மழை. அடையாற்றில் தண்ணீர் ஏறி, கரையோரம் இருந்த உங்கள் குடிசைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. உன் பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகைக்கு வந்தாய், வசனத்தை ஒப்பித்தாய், டியூட்டிக்குப் போனாய். பதிவு அன்று காலையில்தான், இனி அங்கே கட்டக்கூடாது, ஊருக்கு வெளியே இடம் தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்களாம். அதுவும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பதிவென்றால் இப்போது மாதிரி வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் ஒரே ஓட்டம். நடுவில் யாராவது தும்மினால் தும்மலும் சேர்ந்து வீட்டுக்கு வீடு போகும். நீ உள்ளே வந்தாய். முகமெல்லாம் வெள்ளி. நீ இடம் கேட்கிற கோளின் தலைவனாக நின்றவர் மயிலாப்பூர் பாங்கு அதிகாரி, நல்ல உயரம். உன் கோள் எங்கே என்று அவர் கேட்டார். நீ வாயைத் திறந்தாய், வசனம் வரவில்லை. தழலும் இல்லை, திசையும் இல்லை. நான் காமிராவுக்குப் பின்னாலிருந்து உதட்டை அசைத்துக் காட்டுகிறேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"ஊட்டாண்ட போனேன் நைனா" என்றாய். "ஊடு இருந்த எடத்துல தண்ணி கீது."

பாங்கு அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நல்ல நடிகர், சமாளித்துக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரே ஒரு கவலைதான். எரிந்துபோன கோளில் தண்ணீர் எப்படி வரும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீதிக் கதை முழுவதையும் மாற்றி எழுதினேன். நான் எரித்த கோளை நீ ஒரே வரியில் மூழ்கடித்துவிட்டாய். அடுத்தடுத்த வாரங்களில் வந்ததெல்லாம் அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பிய கதைதான். அதற்கு முன்னால் நான் எழுதியது வெறும் அட்டை.

ஒளிபரப்பான அன்று நாம் இரண்டு பேரும் தி.நகரில் டி.வி. விற்கும் கடை வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே பெட்டி ஓடுகிறது, வெளியே நடைபாதை நிறைய ஜனம். நீ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உன்னை யாராவது அடையாளம் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வசனம் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவன், வானத்துலயும் நம்ம ஆளு கீறான்டா என்று கத்தினான். அவன் சொன்னது பாசத்தில்தான், எனக்குப் புரிந்தது. உனக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் உன் முகம் செத்துவிட்டது.

"இன்னாத்துக்கு ஐரே சிரிக்கிறானுங்கோ?" என்றாய். "நான் இன்னா ஜோக்கா சொன்னேன்?"

இரண்டு பேரும் பொட்டுக்கடலை வாங்கித் தின்றுகொண்டே மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம்.

அப்புறம் உனக்கு வாய்ப்புகள் வந்தன, நினைவிருக்கிறதா? எல்லாம் அதே வேஷம்தான். மேடையில் வந்து மெட்ராஸ் பாஷையில் நாலு வார்த்தை பேசி, உதை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சபாக்காரர்கள் வலிய வந்து கூப்பிட்டார்கள். நீ ஒன்றுக்கும் போகவில்லை. நம் தொடர் முடிந்ததோடு உன் நடிப்பும் முடிந்தது. புது இடத்திலிருந்து டிப்போவுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. முதல் ஷிஃப்டுக்கு நீ எப்போது எழுந்தாயோ, எப்போது தூங்கினாயோ. பார்க்கும்போதெல்லாம் கண் சிவந்திருக்கும். ஒருதபா நம்ம ஊட்டுக்கு வா ஐரே என்பாய். வருகிறேன் என்பேன். மயிலாப்பூர் ஆசாமிக்கு அடையாற்றைத் தாண்டுவதே வெளியூர்ப் பயணம். காலம் ஓடிவிட்டது. நீ போன செய்தியே எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

நேற்று அந்தக் கம்பெனிக்குப் போனேன். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடி. லிஃப்ட் இருந்தது, புண்ணியவான்கள். சின்னச் சின்னப் பிள்ளைகள், என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். விண்கலத்தைக் கம்ப்யூட்டரில் செய்துவிடுவார்களாம். செய்யட்டும், நம் தேயிலைப் பெட்டி ஒன்றும் கோயில் தேர் இல்லை. போன் செய்த பெண் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். "ஸார், அந்த ஏலியன் கேரக்டரை ஃபுல் காமெடியா பண்ணலாம்னு இருக்கோம். மெட்ராஸ் ஸ்லாங் இப்ப நல்லா எடுபடும்."

கேட்டதும் வந்ததே எனக்கு ஒரு கோபம். எத்தனையோ வருஷமாகக் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவன் நான். மறுபடி எடுக்கத் தகுந்தது எது என்று கேட்டால் என்ன சொல்வேன்? பெட்டி இல்லை, பெயின்ட் இல்லை, என் செந்தமிழ் கட்டாயம் இல்லை. ஒருவன் வந்து நின்று, வீடு இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்கிறான். அது ஒன்றுதான் தகுந்தது. அதை மறுபடியும் சிரிப்பாக்கத்தான் போகிறார்கள் என்றால் உரம் போடுகிற நிகழ்ச்சியே தேவலை. இதை அப்படியே சொன்னேன். உன் குடிசையைக் கொண்டுபோன வெள்ளத்தையும், பள்ளிக்கூடத்தையும், கடை வாசலையும் சொன்னேன். பிறகு அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினேன். என் வாயில் உன் பாஷை வருமா? தடுமாறித்தான் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிப் பார்த்தவர்கள்தானே. அந்தப் பெண், "அப்புறம் அவருக்கு வீடு கெடைச்சுதா ஸார்?" என்று கேட்டாள். கதையில் வருகிறவனைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா, தெரியவில்லை. கிடைத்தது, ரொம்ப தூரத்தில் கிடைத்தது என்றேன்.

காமெடியை எடுத்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த வசனத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டார்களாம். பேச்சு மாறிவிடுவார்களோ என்னமோ, கம்பெனிக்காரர்கள். சூட்டோடு சூடாக இன்னொன்றும் கேட்டேன். கதை என்று போடுகிற இடத்தில் என் பெயருக்கு முன்னால் உன் பெயர் வர வேண்டும் என்றேன். அதற்கும் சரி என்றாள் அந்தப் பெண். உன் பெயரைச் சொன்னேன், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள்.

"இனிஷியல் என்ன ஸார்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எத்தனை டீ, எத்தனை ஒத்திகை, எத்தனை பயணம், உன் அப்பா பெயர் என்னவென்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என் அப்பா பெயர் உனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது நீ தெருவில் என்னை இனிஷியலோடு முழுப் பெயர் சொல்லி விசாரித்து வீட்டுக்கு வந்திருக்கிறாய். விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலையில் உன் டிப்போ கூட்டாளி ஒருவரைப் பிடித்து, அவரிடம் உன் மகளின் நம்பர் வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன், அவளுக்குத் தெரியவில்லை. கூச்சத்தோடு, ஐயர் என்று உங்கள் அப்பா சொல்வாரே என்றேன். "ஐரே மாமாவா?" என்றாள் உடனே. "நைனா உங்களப் பத்தி சொல்லிக்கினே இருக்கும். எப்ப வரீங்கோ?"

போனிலேயே கேட்டிருக்கலாம், ஒரு எழுத்துதானே. கேட்க முடியவில்லை. நாளைக்கே வருகிறேன் என்றேன். இரண்டு பஸ் மாறி எப்படி வர வேண்டும் என்று நிதானமாக வழி சொன்னாள். முட்டி வலி இருக்கிறது, மருமகள் சத்தம் போடுவாள், இருந்தாலும் கிளம்புகிறேன். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதவன், முதல் தடவையாக உன் வீட்டுக்கு வருகிறேன், உன் முழுப் பெயர் என்னவென்று கேட்க.