டேனியல் எடுத்த பேக்கப்

அன்புள்ள செலின்,

பாப்பா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களை வீட்டு டேப்லெட்டிலிருந்து உன் தம்பி டேனியல் அழித்துவிட்டான். மஸ்கட்டில் காய்கறிக் கடையை விட்டு வரமுடியாத நான் அவற்றை இன்னும் பார்க்கவே இல்லை. நீயும் அம்மாவும் சுகம்தானே? எனக்குக் கோபம்தான் இறங்கவில்லை.

போனில் அவனைக் கேட்டேன். "பேக்கப் எடுத்துட்டுதான் மாமா டேப்லெட்ட ரீசெட் பண்ணேன்" என்றான்.

"எதுலடா எடுத்த?"

"அதே டேப்லெட்லதான், வேற ஃபோல்டர்ல."

"வூட்டக் கொளுத்தறவன் நகைய அடுத்த ரூமுக்கு மாத்துன கதையா இருக்குடா!"

அன்று போட்ட வெள்ளை கவுன் இன்னும் பத்துமென்றால் பாப்பாவுக்குப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. கடைக்குக் காய்கறி லாரி வந்துவிட்டது, இதோடு முடிக்கிறேன்.

டேனியல் ஒப்புக்கொண்டது இது: நம் கரிக்கலாம்பாக்கத்தில் புதுநன்மைப் பூசைக்கு வந்தவர்கள் வீடெல்லாம் ஏறியிறங்கி, அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, உன் போனிலும் என் போனிலும் ஏற்ற வேண்டும். அதுவரை அவனுக்கு இங்கே நான் எடுத்துத் தருவதாகச் சொன்ன விசா கிடையாது.

அருள்சாமி