ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை

இன்று காலை பழைய கலண்டரைக் கழற்றினேன். பின்னால் ஒட்டியிருந்த மட்டையும் கையோடு வந்தது. மகளின் உயர்தரப் படிப்புக்கு நான் போட்ட நேரசூசி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனையில் கோடு. சாதாரண தரக் கணக்கில் நாமிருவரும் சேர்ந்தே கோட்டை விட்டது நினைவிருக்கும்தானே மச்சான்? அந்த மூளைதான் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையின் இரண்டு வருடத்தையும் கூறு போட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் நீ பென்சிலால் எழுதியதை நான் அழித்த தடம் இன்னும் தெரிகிறது. நீ செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் வலைப்பந்து பழக்கினாய். என் மகள்தான் உனக்குக் கோல் போடுகிறவள். இரண்டு கிழமை அவளைக் காணவில்லை என்று, சைக்கிள் கரியரில் பந்தைக் கட்டிக்கொண்டு வந்து இந்த மட்டையைப் பார்த்தாய்.

“உதென்னடா, இடைக்கிடை வெள்ளைக் கட்டம்?”

“இராகு காலம். அதிலை புத்தகம் திறக்கக் கூடாது.”

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அப்ப கெட்ட நேரத்திலைதான் பிள்ளை மூச்சு விடுது. இராகுவுக்கு ஒரு கும்பிடு போடு மச்சான்!”

அறைக்குள் மகளும் சிரித்தாள். நீ பென்சிலை எடுத்தாய். “ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. வசதியா விழுந்திருக்கு. முதல் வேர்க்கட்டும், பிறகு படிக்கட்டும்.”

மூன்று ஞாயிறு போனாள். வந்து இரண்டு கோப்பை பிட்டுச் சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். நாலாம் கிழமை அதே நேரத்தில் இரசாயனவியல் விசேட வகுப்பு வந்தது. நான் அழிறப்பரை எடுத்தேன்.

“ஏன்டா, இராகு காலமெல்லோ?” என்று கேட்டாய்.

“தொடங்கினாத்தான் குற்றம். இது ஏற்கெனவே தொடங்கின பாடம்.”

சாத்திரத்துக்கே சட்டத்தரணியாகிவிட்டேன். அன்று நீ சிரிக்கவில்லை. பந்தை அவிழ்த்து வாசலில் வைத்தாய். “இஞ்சை கிடக்கட்டும். எப்பவாவது கேப்பாள்.”

அவள் கேட்கவில்லை. அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணத்து ரியூசன் வரை என் ஆட்டோவில், மடியில் புத்தகம், கையில் பணிஸ். அதுதான் அவளின் சாப்பாடு. தேடி வந்த சிநேகிதிகளைப் “பிள்ளை படிக்கிறா” என்று படலையிலேயே திருப்பினேன். நித்திரை போனது, தலைமயிர் கொட்டியது. ரியூசன் வாசலில் மற்றத் தகப்பன்மாரிடம் அதையும் பெருமையாகச் சொன்னேன். உன் செத்தவீட்டன்று அவளுக்கு மாதிரிச் சோதனை. நீ செத்ததை அவளுக்குச் சொல்லாமல் மறைத்தேன். அதையும் கெட்டித்தனம் என்றே நினைத்தேன்.

முதல்முறை உயர்தரச் சோதனையில் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இரண்டாம்முறை மண்டப வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள். பின்சீற்றில் அப்படியே இருந்தாள். இருபது வருடமாகச் சனத்தை ஏற்றி இறக்குகிறவன் நான். என் பிள்ளையை இறக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக், இரவுக்கு ஒரு குளிசை. “சாப்பிட்டியா பிள்ளை?” “ஓம் அப்பா.” போட்ட பிட்டு போட்டபடி காய்ந்து கிடக்கும். “படுத்தியா?” “ஓம் அப்பா.” எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பாய். ஞாயிறு நாலரைக்கு நான் ஆட்டோ ஓடுவதில்லை. உன் பந்தில் எங்கேயோ சின்ன ஓட்டை, கிழமைக்குள் தொய்ந்துவிடும். பம்பால் காற்றடித்து, அவளுக்குக் கேட்கட்டும் என்று முற்றத்தில் இரண்டு தரம் குத்துவேன்.

“பிள்ளை, கிறவுண்டுக்குப் போவமே?”

“ஓம் அப்பா.”

எழும்ப மாட்டாள். இன்றும் எழும்பவில்லை. நீ வைத்த இடத்திலேயே பந்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஆறு மணிக்கு இராகு காலம் முடிந்தது. பந்தை எடுத்து உள்ளே வைத்தேன்.